முன்சீட்டுக்கு மாற்றப்பட்ட கண்டக்டர்

ஓமன் நாட்டு விசாவில் ராஜகுமார் ஒரு சுற்றுலாப் பயணி. அரபியிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகவே அச்சடித்திருந்தார்கள். அச்சடித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கருங்கலுக்கு வந்ததில்லை. வந்து சந்தை முக்கில் நின்று யாரிடம் விசாரித்திருந்தாலும், அந்த மனிதர் சம்பளம் இல்லாமல் பஸ்ஸில் ஏற மாட்டார் என்று சொல்லியிருப்பார்கள்.

ராஜகுமார் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலத்தின் பெரும்பகுதியும் ஒரே வழித்தடம்: புதுக்கடையில் கிளம்பி, கருங்கல், திங்கள்சந்தை, இரணியல் வழியாக நாகர்கோவில், பிறகு அதே வழியில் திரும்ப. கணக்குப் போட்டால் பூமியைப் பல தடவை சுற்றி வந்திருப்பார், அத்தனையும் ஒரு சாலையில், நின்றுகொண்டு. இதை யாராவது பயணம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

பள்ளி விடுமுறையில் எங்காவது போய் வரலாம் என்று மனைவி பூங்கனி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "லீவு நாள்லயும் பஸ்ஸா? டாக்டரு லீவு போட்டுட்டு போயி ஆசுபத்திரியில படுப்பாரா?" குடும்பத்தோடு இலவசமாகப் போய்வரக் கிடைத்த பாஸ், வருடா வருடம் பீரோவுக்குள் புத்தம் புதிதாகவே காலாவதி ஆகிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் அவர் அந்த வேலையில் சேர்ந்ததே ஊர் சுற்றும் ஆசையில்தான். இருபதுகளில் அவரும் நண்பன் கிருஷ்ணமணியும் ஒரு வாழைக்குலை லாரியில் இருந்தார்கள். கிருஷ்ணமணி டிரைவர். ராஜகுமார் கிளி. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் வரும் வண்டியைப் பார்த்துச் சொல்லி, டயர் மாற்றி, டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறவனுக்கு அந்தப் பக்கத்தில் கிளி என்று பெயர். கொல்லத்திலோ ஆலப்புழையிலோ குலையை இறக்கிவிட்டு, காலி வண்டியை நேராகத் திருப்ப மாட்டார்கள். வழியில் ஏதாவது ஒரு கிளைச்சாலையைக் கண்டால் ராஜகுமார் கேட்பார்: "லே, அந்த ரோடு எங்க போவுது?" தெரியாது என்பதே போதுமான காரணமாக இருக்கும். வண்டி அந்தப் பக்கம் திரும்பும். முதலாளியின் ஏச்சு ஊரில் காத்திருக்கும்.

பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் அரசுப் பேருந்தில் வேலை கிடைத்தது, ஒரே வண்டியிலும் போட்டார்கள். அங்கேதான் விஷயம் கோணலாயிற்று. கிருஷ்ணமணி வீட்டுப்பறவை. இரணியல் பக்கத்தில் வீடு, நெற்றியில் நாமம், ஞாயிற்றுக்கிழமை கும்பிடப் போக நிழல்தாங்கல், மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீனும், அதற்கு மேல் அவருக்கு உலகத்திடம் கோரிக்கை கிடையாது. அவர்தான் மூன்று தங்கைகளின் கல்யாணத்தை முன்னிட்டு ஓமனுக்குப் போய், சலாலாவில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு அங்கேயே தங்கிப்போனார். எல்லா ரோடும் எங்கே போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டவரோ பென்ஷனை நினைத்து ஒரே ரோட்டில் நின்றுவிட்டார்.

ஓய்வு பெற்றதும் நிம்மதியாக உட்கார்வார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். உட்கார்ந்தார். அரை நிமிடத்தில் எழுந்தார். வாசலுக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். அடுக்களைக்கு வந்தார். மறுபடியும் வாசல்.

"மனுசன் ஒண்ணு ஒரு எடத்துல இருக்கணும், இல்லன்னா எங்கயாவது போவணும்," என்றாள் பூங்கனி. "ரெண்டும் இல்லாம இப்பிடி வாசலுக்கும் அடுக்களைக்கும் டிரிப் அடிச்சா, நான் எப்பிடி மீனு கழுவ?"

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி."

"ஒங்களுக்கு வெப்ராளமாக்கும்."

வெப்ராளம் என்பது பரபரப்பு, பதற்றம், தவிப்பு மூன்றையும் ஒன்றாய்க் குழைத்த சொல். அந்த மூன்றில் எது தன்னிடம் இருக்கிறது என்று ராஜகுமாருக்கே தெரியவில்லை. வீட்டில் இருந்தால் எங்கோ போக வேண்டும்போல் இருந்தது. கிளம்பலாம் என்று சட்டை போட்டால், போகத் தகுந்த இடம் ஒன்றும் மனதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கிருஷ்ணமணி வீடியோ காலில் வருவார். பல வருடங்களாக அவர் கேட்பது ஒன்றே. "மக்கா, நீ வாறியா இல்லியா?" இந்தமுறை அதோடு நிற்கவில்லை. ஊருக்கு வருவதற்காகச் சேர்த்து வைத்திருந்த விடுப்பு முழுவதையும் ராஜகுமார் வருவதற்காகச் சலாலாவிலேயே எடுக்கப்போவதாக அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து கிருஷ்ணமணியின் மனைவி பிந்து, கோவில் கொடையிலோ கல்யாண வீட்டிலோ ராஜகுமாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் அந்த வருடம் ஊருக்கு வராததற்கு அவள் அறிந்த ஒரே காரணம் இந்தக் கண்டக்டர்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் பிளஸ்ஸி விசாவும் டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாள். பூங்கனியையும் கூப்பிட்டார்கள்.

"நான் வரல்ல," என்றாள் பூங்கனி. "நீங்க ஒரு மாசம் போனா எனக்கு வீட்டுலயே டூராக்கும்."

விமானத்தில் ஜன்னல் சீட் வேண்டுமா என்று கேட்டபோது ராஜகுமார் நடைபாதையை ஒட்டிய சீட்டைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஜன்னல் எதற்கு? வேலைக்காலம் முழுக்கப் பஸ்ஸுக்குள்ளே பார்த்துப் பழகியவர். புதுக்கடை, நாகர்கோவில் சாலையின் ஒவ்வொரு வளைவையும் உள்ளங்காலால் சொல்வார். அந்த வளைவில் வெளியே என்ன இருக்கிறது என்றால் யோசிப்பார். கண்டக்டர் பார்க்க வேண்டியது ஆட்களின் முகங்களை. யார் ஏறினார், யார் இறங்கவில்லை, யார் இறங்க வேண்டிய இடத்தில் தூங்குகிறார்.

சலாலாவில் மழைக்காலம். அரபு நாடுகள் எங்கும் வெயில் கொளுத்தும் மாதங்களில் அந்த ஒரு மூலையில் மட்டும் சாரல் அடித்து, மலை பச்சை பிடித்து, மேகம் சாலைக்கு இறங்கிவிடும். அதைக் காண வளைகுடா முழுவதிலுமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரிய பெரிய கார்களை ஓரமாக நிறுத்தி, கம்பளம் விரித்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து நனைகிறார்கள். சாலையோரம் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், கீற்றுக் கொட்டகைகளில் கருக்கு என்கிற இளநீர் வெட்டித் தருகிறார்கள்.

ராஜகுமார் கருக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். தென்னை, வாழை, பப்பாளி, சாரல்.

"லே மணி, இது இரணியலு."

"என்னது?"

"ஆனி ஆடியில இரணியல் இப்பிடித்தானே கெடக்கும். இதப் பாக்கதுக்கா என்னை பிளேனுல ஏத்துன?"

"இரணியல்ல ஒட்டகம் நிக்குமா?"

ராஜகுமார் ஒட்டகத்தைப் பார்த்தார். "சரி. பாத்தாச்சு. போலாமா?"

அந்த "போலாமா"தான் அடுத்து வந்த நாட்களில் கிருஷ்ணமணியின் பொறுமையை அரித்தது. கடலோரத்தில் பாறைத் துளைகள் வழியாக அலை புகுந்து ஆளுயரத்துக்கு மேல் பீறிட்டு அடிக்கும் இடம் ஒன்று உண்டு. அடுத்த அடிக்காக ஜனங்கள் கூச்சலோடு காத்து நிற்பார்கள். ராஜகுமார் ஒரு தடவை பார்த்தார். "வந்துது. போலாம்." அருவிக்குக் கூட்டிப்போனால் அருவியைவிட அங்கே வேனில் வந்து இறங்கிய பள்ளிப்பிள்ளைகள் எல்லோரும் திரும்பி ஏறினார்களா என்பதில் கவனமாக இருந்தார். எந்த இடத்திலும் ஒரு ஸ்டாப்புக்குரிய நேரத்துக்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. ஆள் இறங்கியாயிற்று, ஆள் ஏறியாயிற்று, பிறகும் வண்டி ஏன் நிற்க வேண்டும்?

"அந்தத் தண்ணி என்ன நம்ம வண்டியில ஏற வந்த ஆளா?" என்று கிருஷ்ணமணி ஒருநாள் வெடித்தார். "வந்துது, ஏறிச்சு, ரைட் குடுக்கதுக்கு?"

காரிலும் ராஜகுமார் பின்சீட்டில்தான் உட்கார்ந்தார். முன்னால் வரச் சொன்னால், "இங்க இருந்தா எல்லாம் தெரியும்" என்றார். அந்தக் காரில் அவரையும் கிருஷ்ணமணியையும் தவிர ஆளே கிடையாது.

இரண்டாவது வாரத்தில் மகளுக்குப் போன் செய்து, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகுதான் கிருஷ்ணமணியிடம் சொன்னார். கிருஷ்ணமணி மரச்சீனிக் கிழங்கை அவித்து மசித்துக்கொண்டிருந்தார். கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டுத் திரும்பினார்.

"வீட்டுல ஆருக்காவது ஒடம்பு செரியில்லியா?"

"இல்ல."

"இங்க ஏதாவது கொறையா?"

"ஒரு கொறையும் இல்ல. இருக்க முடியல்ல மணி. அதாக்கும்."

"ஊருக்குப் போவாம லீவ இங்க வச்சுக்கிட்டு நான் ஆருக்காக இருக்கேன்?"

"நானா வைக்கச் சொன்னேன்? பிந்து எனக்கிட்ட பேசதில்ல, தெரியுமா?"

"எனக்கிட்ட மட்டும் பேசுதாளா?"

இதில் இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிருஷ்ணமணி அடுப்பை அணைத்தார்.

"நீ போ. தடுக்கல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்க. இனி நான் கூப்பிட மாட்டேன். இது கடைசி. நான் வேலைய விட்டு ஊருக்கு வந்தாலும் கருங்கல் வழியா வர மாட்டேன்."

"பின்ன எந்த வழியா வருவ?"

"குளச்சல் சுத்தி வருவேன்."

"அது தூரம் கூடுதலாக்கும்," என்றார் ராஜகுமார், தன்னை அறியாமல்.

கிருஷ்ணமணி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். கிழங்கை இருவரும் தனித்தனியே சாப்பிட்டார்கள். கூப்பிட மாட்டேன் என்றால் கூப்பிட மாட்டார். அது ராஜகுமாருக்குத் தெரியும். லாரிக் காலத்தில் ஒரு டீக்கடைக்காரனோடு பிணங்கி, அந்த ஊரைத் தாண்டும்வரை வண்டியை நிறுத்தாதவர் அவர். தான் ஊருக்குப் போவதென்றால் இந்த நட்பையும் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அது தெரிந்தும் உட்கார முடியவில்லை.

ஊருக்கு விமானம் மஸ்கட்டிலிருந்து. மழைக்காலக் கூட்டத்தில் சலாலாவிலிருந்து மஸ்கட்டுக்கு விமான இடம் கிடைக்கவில்லை. பகல் முழுக்க ஓடும் பஸ் ஒன்று இருந்தது. காலையில் கிருஷ்ணமணி காரில் கொண்டு வந்து இறக்கினார், தண்ணீர்ப் பாட்டிலையும் ஒரு பொட்டலம் வறுத்த நேந்திரங்காய் உப்பேரியையும் கையில் திணித்தார். ராஜகுமாரின் விசில் கேட்காமல் ஒருநாளும் வண்டியை நகர்த்தாதவர், அந்தப் பஸ் கிளம்புமுன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராஜகுமார் பின்பகுதியில், நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். பஸ் மலையேறியது. ஓரிடத்தில் எல்லோரும் திடீரென்று ஜன்னல் பக்கம் சாய்ந்து போனை எடுத்தார்கள். ராஜகுமார் அவர்கள் போன் எடுப்பதைப் பார்த்தார். யார் எந்தச் சீட், யார் யாரோடு வந்தவர், எல்லாம் அதற்குள் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. கண் அதுபாட்டுக்குச் செய்தது.

பாலைவனத்துக்கு நடுவில் ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்தில் சின்னப் பள்ளிவாசல், ஒரு டீக்கடை, அதற்கப்பால் மணல். பஸ் கொஞ்ச நேரம் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், டீ குடித்தார்கள், ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

நீலச்சட்டைக்காரன் ஏறவில்லை.

சலாலாவில் ஏறிய ஆள், தலையில் துண்டு, கையில் ஒரு பை. அவனுடைய சீட் காலி. இந்த வெட்டாந்தரையில் ஒருவனை விட்டுவிட்டுப் போனால் அவன் கதி என்ன? எழுந்து நின்று, மேலே கம்பியைத் தட்டினார். அந்தப் பஸ்ஸில் கம்பி கிடையாது. சாமான் பலகையைத்தான் தட்டினார்.

"ஆள் வரணும்! ஆள் வரணும்!"

வண்டி நிற்கவில்லை. ராஜகுமார் இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்து ஒரு விசில் அடித்தார். திங்கள்சந்தைக் கூட்டத்தையே இரண்டாகப் பிளக்கிற விசில் அது. முன்சீட்டில் ஒரு குழந்தை அலறி அழுதது. டிரைவர் ஓரம் கட்டி நிறுத்தினார்.

டிரைவர் சலீம் ஓமன்காரர்; சலாலாவில் மலையாளிகள் கடையிலேயே சாப்பிட்டு வளர்ந்ததால் மலையாளம் கொஞ்சம் பேசுவார். பதறி எழுந்து வந்தார். ராஜகுமார் காலி சீட்டைக் காட்டினார். ஜன்னல் வழியாகப் பின்னால் கையை நீட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே, பெட்ரோல் பங்கை ஒட்டிய பஞ்சர் கடை முன்னால், நீலச்சட்டைக்காரன் பையைத் தொங்கவிட்டு, டயர் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அவன்றெ கடை அது," என்றார் சலீம். "அவன்றெ ஸ்டாப்பு."

பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிக்காதது அந்தக் குழந்தையும் ராஜகுமாரும் மட்டும். சலீமுக்கு ஒரு சந்தேகம்.

"சேட்டன் என்ன ஜோலி?"

"கண்டக்டர்."

சலீம் அவரை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஆளைப் பின்னால் விட்டால் மஸ்கட் சேரும்வரை இன்னும் எத்தனை இடத்தில் விசில் கேட்குமோ என்று நினைத்திருக்க வேண்டும். குழந்தையும் தாயும் இருந்த முன்சீட்டைக் காட்டி அவர்களிடம் அரபியில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் மிகச் சந்தோஷமாக எழுந்து பின்னால் வந்தாள்.

"சேட்டன் இங்க இரிக்கு. என்றெ கண்ணு முன்னால."

அப்படித்தான் ராஜகுமார் தண்டனையாக முன்சீட்டுக்கு மாற்றப்பட்டார். வெட்கத்தில் கொஞ்ச தூரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி ஆட்களைப் பார்க்கலாம் என்றால் சீட்டின் முதுகு உயரம். ஒரு முகமும் தெரியவில்லை. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் நிமிர்ந்தார்.

எதிரே கண்ணாடி. வீட்டுச்சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதற்கு நடுவே, ஒரு வளைவும் இல்லாமல், சாலை அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் பின்னால் போகிற சாலையையும் பக்கத்தில் ஓடுகிற சாலையையும் அவர் அறிவார். எதிரே வருகிற சாலையைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது! லாரியை விட்ட பிறகு இல்லை. தூரத்தில் சாலைமேல் தண்ணீர் தேங்கிக் கிடப்பதுபோல் பளபளத்தது; பஸ் நெருங்க நெருங்க அது தள்ளித் தள்ளிப் போயிற்று. ஒரு புள்ளி தோன்றி, அது லாரியாகி, உஸ்ஸென்று காற்றை அறைந்துவிட்டுப் போனது. மறுபடியும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்க ராஜகுமாருக்கு அலுக்கவில்லை. எந்த ஸ்டாப்பும் வராத சாலையில், போலாம் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. போய்க்கொண்டேதான் இருந்தது.

அரை மணி கழித்துத் தான் பேசிக்கொண்டு வருவதை அவரே கவனித்தார். டிரைவருக்குத் தூக்கம் வரக்கூடாதே. உப்பேரிப் பொட்டலத்தைப் பிரித்து சலீமுக்கு நீட்டினார். வாழைக்குலையைப் பற்றிச் சொன்னார். பின்கண்ணாடியில் ஒரு வண்டி தெரிந்தால், "பின்னால கார் வருது, விட்டுக்கொடும்" என்றார். சலீம் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். வலதுபக்கம் ஒரு மண்சாலை பிரிந்து மணல்மேட்டுக்குள் மறைந்தது.

"அந்த ரோடு எங்க போவுது?"

"அறியில்லா," என்றார் சலீம்.

ராஜகுமார் கழுத்தைத் திருப்பி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். பிறகு கேட்டார்: "காலையில மலைமேல எல்லாரும் எதையோ போட்டோ எடுத்தாங்களே, அது என்ன?"

சலீம் நம்பமுடியாமல் அவரைப் பார்த்தார். "கண்டில்லே? மழை அங்க தீரும். கோடு இட்டதுபோல. இந்தப் பக்கம் மண்ணு, அந்தப் பக்கம் பச்சை. மஸ்கட்டிலிருந்து வரும்போழ் இன்னும் நல்லா காணாம். வெயிலிலிருந்து நேரே மேகத்தினுள்ளில் கேறும்."

"நாளைக்கு இந்த வண்டி திரும்பப் போவுமா?"

"போகும். டிரைவர் வேறே."

"இந்தச் சீட்டு?"

"நேரத்தே வந்தால் கிட்டும்."

மாலையில் மஸ்கட் பஸ் நிலையத்தில் இறங்கி, ராஜகுமார் பூங்கனிக்குப் போன் செய்தார்.

"ஏர்போர்ட்டுக்குப் போயாச்சா?" என்றாள் அவள்.

"இல்ல. பஸ் ஸ்டாண்டுலயாக்கும் நிக்கேன்."

"பின்ன எப்பம் போவிய? பிளைட்டு போயிராதா?"

"போவட்டு."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஏட்டி, இங்க ஒரு ரோடு கெடக்கு..." என்று தொடங்கினார்.

"என்ன ரோடு?"

"நேரா கெடக்கு."

"நேரா கெடக்க ரோட்டுல பாக்கதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"டிக்கெட்ட மாத்தி மாத்தி அந்தப் பிள்ளையப் போட்டு அலைக்கழிக்கியளே. சரி, மணி அண்ணன்கிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லல்ல. சொன்னா வைவான்."

"வைய மாட்டாரா பின்ன? நல்லா வையட்டும்."

"அதுக்குத்தான் நேர்ல போறேன்," என்றார் ராஜகுமார்.

"போங்க," என்றாள் பூங்கனி. "எனக்க டூரு இன்னும் முடியல்ல."

அன்றைய விமானம் அவர் இல்லாமல் திருவனந்தபுரம் போயிற்று. ராஜகுமார் பையைத் தலைக்கு வைத்துப் பஸ் நிலையத்து பெஞ்சில் படுத்துத் தூங்கினார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வரிசையில் நின்று, முன்சீட்டைப் பிடித்து, வந்த சாலையிலேயே சலாலாவுக்குத் திரும்பிப் போய், கிருஷ்ணமணியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.